ஆற்றோர வரிசைக்கு மகாராஜா சொன்ன நேரம்

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிட்டுப் பிழைக்கிறவர்களுக்கு வானம் இரண்டு விதமாகக் கெடும். மழை இல்லையென்றால் அருவி நூலாகிவிடும், ஆள் வராது. மழை மிஞ்சிப்போனால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். ஆள் வருவார்கள், ஆனால் குளிக்காதவன் எதற்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளப் போகிறான்? இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில்தான் காசிமேஜர்புரம் மகாராஜா இருபத்திரண்டு வருடமாகப் பிழைத்துவருகிறார்.

வயது நாற்பத்தொன்று. படிப்பு எட்டாம் வகுப்பு. அவர் கையில் முதுகைக் கொடுத்தவர்களில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். தூங்காதவர்கள் போனை நோண்டுவார்கள். ஏழு வருடத்துக்கு முன்னால் ஓர் ஆடி மாதம், அப்படிக் குப்புறப் படுத்து நோண்டிக்கொண்டிருந்த சென்னைக்காரர் ஒருவரின் திரையில் கடல் முழுக்கப் பச்சையும் சிவப்புமாகப் புகை சுழன்றுகொண்டிருந்தது.

“அது என்ன சார் படம்?”

“எங்க மழை பெய்யும்னு கம்ப்யூட்டர் போடுற கணக்குங்க.”

“நாளைக்கு இங்கன பெய்யுமா?”

“மத்தியானத்துக்கு மேல உண்டுன்னு காட்டுது.”

மறுநாள் மத்தியானத்துக்கு மேல் பெய்தது. சாரல் காலத்தில் குற்றாலத்தில் மழை பெய்வது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் குப்புறப் படுத்திருந்த ஒருவருக்கு அது முதல்நாளே தெரிந்திருந்தது என்பது மகாராஜாவை உறுத்தியது. சாயங்காலமே தென்காசிக்குப் பஸ் ஏறி, போன் கடைக்காரரிடம் சொல்லி, அந்தப் படத்தைத் தன் போனிலும் வரவழைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஆங்கிலம் வராது. நிறம் தெரியும். பச்சை என்றால் நனையும், மஞ்சள் என்றால் ஒதுங்க வேண்டும், சிவப்பு என்றால் தடை, ஊதா என்றால் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம். கையில் எப்போதும் எண்ணெய் இருக்குமாதலால் சுண்டுவிரலால்தான் திரையைத் தள்ளுவார். கொஞ்ச நாளில் காற்றின் கோடுகள் புரிந்தன. கிழக்கிலிருந்து வரும் காற்று மலையில் முட்டினால் நம் பக்கம், மேற்கிலிருந்து முட்டினால் புளியறைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் மழை. பிறகு ஒருநாள், ஒரே வானத்தைப் பல நாட்டுக் கம்ப்யூட்டர்கள் தனித்தனியே கணக்குப் போடுகின்றன, அவற்றுக்கு மாடல் என்று பெயர், ஒன்று சொல்வதை இன்னொன்று சொல்வதில்லை என்பதும் தெரிந்தது. அன்றிலிருந்து மனிதருக்குத் தூக்கம் குறைந்தது.

வாட்ஸ்அப்பில் ‘பொதிகை மழை நண்பர்கள்’ என்று ஒரு குழு. அறுபத்து மூன்று பேர். உண்மையில் பேசுவது மூன்று பேர்தான். மகாராஜா ஒருவர். ஆலங்குளத்தில் அறிவியல் டீச்சராக இருக்கும் ஜெபமலர் ஒருவர். கடையநல்லூர்க்காரரான மன்சூர் ஒருவர். மன்சூர் ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் சரக்குக் கிட்டங்கியில் வேலை பார்க்கிறார். ஷார்ஜாவில் வருடத்துக்கு நாலு நாள் மழை பெய்தால் அதிகம். அதனால் ஊர் மழையைப் பார்த்துக்கொண்டிருப்பார். மூன்று பேரும் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை.

ஜெபமலர் அமெரிக்க மாடலின் கட்சி. மன்சூர் ஐரோப்பிய மாடலின் கட்சி, அதற்குச் சந்தா கட்டி, மணிக்கு மணி படம் எடுத்துக் குழுவில் போடுவார். மகாராஜா இரண்டையும் பார்ப்பார், ஆனால் மனசு ஐரோப்பா பக்கம். அதற்கு அவர் சொல்லும் காரணம் ஒன்றுதான்.

“அமெரிக்காக்காரன் பெரிய பெரிய கட்டமாப் போடுதான் டீச்சர். அவன் கட்டத்துக்குள்ள தென்காசி பஸ் ஸ்டாண்டும் வருது, ஐயாயிரம் அடி மலையும் வருது. ரெண்டையும் தட்டிச் சமமாக்கிட்டு, மலையே இல்லங்கான். ஐரோப்பாக்காரனுக்குச் சின்னக் கட்டம். அவனுக்குக் குற்றாலம்னு ஒண்ணு இருக்குன்னாவது தெரியுது.”

“எங்க ஆலங்குளத்துல மலை இல்லியே அண்ணாச்சி, எனக்கு அமெரிக்கா போதும்” என்பார் ஜெபமலர்.

அமெரிக்கப் படத்தில் நேரம் லண்டன் கணக்கில் இருக்கும். பக்கத்தில் இசட் என்று ஓர் ஆங்கில எழுத்து நிற்கும். அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டினால்தான் நம் நேரம். ஜெபமலர் இதைக் குழுவில் பாடமாகவே எடுத்திருந்தார். இசட் இருந்தால் ஐந்தரை கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் கூட்டக்கூடாது. மகாராஜா இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

இதெல்லாம் அவருடைய சொந்தப் பித்தாக இருந்தவரை யாருக்கும் நட்டமில்லை. ஐப்பசியில் அவர் மனைவி சங்கரேஸ்வரி கடை போட்டார். அதன்பிறகுதான் மழை வீட்டு விஷயமாயிற்று.

சங்கரேஸ்வரி பதினாறு வருடம் பீடி சுற்றியவர். விரல் மரத்து, இருமல் நிற்காமல் போனபோது, ஐயப்ப சீசனை நம்பிப் பீடித்தட்டை இறக்கி வைத்தார். மெயினருவிக்குக் கீழே, சிற்றாற்றை ஒட்டிப் பள்ளத்தில் பன்னிரண்டு கடைகள் வரிசையாக இருக்கும். இரும்புக் குழாய் நட்டு மேலே தார்ப்பாய் இழுத்த கடைகள். ஆற்றோர வரிசை என்று பெயர். அதில் கடைசிக்கு முந்தின கடை அவருடையது. துண்டு, ஜட்டி, சீயக்காய்ப் பொட்டலம், எண்ணெய்ப் பாக்கெட். சபரிமலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் இறங்கிக் குளிக்கிற சாமிமாருக்கு வேண்டியது இவ்வளவுதான்.

கார்த்திகை பிறந்த இரண்டாவது வாரம், மகாராஜா வரிசைக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை ஊதா என்று சொன்னார். பன்னிரண்டு கடையும் சனிக்கிழமை சாயங்காலமே சரக்கைக் கட்டி மேட்டுக்கு ஏற்றிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை தூசி அடங்குகிற அளவுக்குத் தூறியது. அருவி அருமையாக விழுந்தது. சாமிமார் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கி, மேலே சன்னதி பஜாரில் துண்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

சங்கரேஸ்வரி அன்று சத்தம் போடவில்லை. சோறு வைக்கும்போது சொன்னார்.

“இங்கேருங்க. உங்க படத்தை நம்பி நான் பீடித்தட்ட இறக்கல. கடைய நம்பி இறக்கியிருக்கேன். இது போச்சுன்னா எனக்குத் திரும்பப் பீடிதான். அதனால மழைன்னா இனி வேற யார்ட்டயாச்சும் போய்ச் சொல்லுங்க.”

வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை. வரிசையில் முதல் கடை பரமசிவன் அண்ணாச்சியுடையது, நேந்திரங்காய் சிப்ஸும் அல்வாவும். இரண்டு மகன்களும் போலீஸில் இருக்கிறார்கள் என்பதால் வரிசையில் அவர் பேச்சுக்கு ஒரு எடை உண்டு. மகாராஜா எண்ணெய்ப் பாட்டிலோடு அந்தப் பக்கம் போனாலே, “ஏலே மகாராஜா, இன்னைக்கு ஐரோப்பாவுல என்னலே சொல்லுதான்? என் சட்டிய அடுப்புல வைக்கலாமா, ஒன் ராணிகிட்ட கேட்டுச் சொல்லு” என்பார். வரிசை முழுக்கச் சிரிக்கும். சங்கரேஸ்வரி துண்டை உதறி மடிப்பார்.

மார்கழி பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது வங்கக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகி, இலங்கையைத் தொட்டுக்கொண்டு நின்றது. புதன்கிழமை குழுவில் சண்டை ஆரம்பித்தது. ஐரோப்பா, அது குமரிக்கடலுக்கு வந்து சனிக்கிழமை மலைமேல் இருபத்தேழு சென்டிமீட்டர் கொட்டும் என்றது. அமெரிக்கா, இலங்கையிலேயே வலுவிழந்துவிடும், நாலு சென்டிமீட்டர் பெய்தால் பெரிது என்றது.

மகாராஜா டைப் அடிப்பதில்லை. குரலில்தான் அனுப்புவார். பின்னால் அருவிச் சத்தம் கேட்கும்.

“டீச்சர், காத்து கிழக்கேருந்து நேரா மலையில வந்து முட்டுது. நாலு சென்டிமீட்டர்னு எப்படிச் சொல்லுதான் உங்காளு?”

“போன மாசமும் உங்காளு இப்படித்தான் அண்ணாச்சி ஊதாவாப் பூசினான். வெள்ளையடிக்கிறவன்கிட்டகூட அம்புட்டுப் பெயிண்ட் இருக்காது.”

மன்சூர் குறுக்கே வந்தார். “டீச்சர், போன மாசம் மூணு நாளைக்கு முன்னயே குறைச்சிட்டான். அண்ணாச்சிதான் பழைய படத்தையே பாத்துட்டுப் போய்ச் சொல்லிட்டாவ. இந்தத் தடவ ஆறு படமா ஒரே ஊதாதான், அசையல.”

அது உண்மைதான்.

வெள்ளிக்கிழமை காலைப் படத்தில் அமெரிக்கா நாலிலிருந்து பதினொன்றுக்கு ஏறியது. ஐரோப்பா இருபத்தொன்பது. ஜெபமலர் ஒரு கும்பிடு பொம்மை மட்டும் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டார். மன்சூர் மணிவாரியான படங்களை வரிசையாகப் போட்டார். சனிக்கிழமை பதினான்கு மணி என்று போட்ட படத்தில் செங்கோட்டையிலிருந்து கடையம் வரை மலை விளிம்பு முழுக்கக் கருத்த ஊதா. மகாராஜா தேடிப் பார்த்தார். இசட் இல்லை. அப்படியானால் நம் நேரம், மத்தியானம் இரண்டு மணி.

அன்று சாயங்காலம் வரிசைக்குப் போனார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் போனார்.

“நாள் சொல்லாதலே” என்றார் பரமசிவன். “நாள் சொல்லி ஒரு நாள் ஏவாரத்தக் கெடுத்துட்ட. மணி சொல்லு. மணி சொன்னா அரைமணி முன்னாடி கட்டுதோம். வரலன்னா அரைமணிக்கப்புறம் பிரிச்சுக்கிடுதோம். ஒனக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது.”

“ரெண்டு மணி அண்ணாச்சி.”

“ரெண்டுன்னா ரெண்டா?”

“ரெண்டு.”

ஏழு வருடத்தில் அவர் மணி சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவரை குழுவில் எல்லாரும் பார்த்தது ஒரு நாளில் மொத்தம் எத்தனை சென்டிமீட்டர் என்பதைத்தான். கடிகாரத்துக்கு அங்கே வேலை இருந்ததில்லை.

சனிக்கிழமை காலையில் லேசாகப் பெய்தது. அருவியில் தண்ணீர் கூடி, குளிக்கத் தடை வந்தது. குளிக்க முடியாத சாமிமார் கடை கடையாக நின்றார்கள். வியாபாரம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், ஒன்றரைக்கு, பரமசிவன் சொன்ன சொல் மாறாமல் அடுப்பை அணைத்தார். பன்னிரண்டு கடையும் கட்டின. சங்கரேஸ்வரியும் கட்டினார், கணவன் முகத்தைப் பார்க்காமல்.

இரண்டு மணிக்கு ஒன்றும் இல்லை. இரண்டேகாலுக்கு மேகம் விலகி வெயில் அடித்தது. ஈரத் தரையிலிருந்து ஆவி கிளம்பியது.

“ஏலே, குடை இருக்கா?” என்று பரமசிவன் கத்தினார். “வெயிலுக்குக் கேக்கேன்.”

வரிசை சிரித்தது. கர்நாடகத்திலிருந்து வந்த இரண்டு பஸ் சாமிமார் இறங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டரைக்குப் பரமசிவன் சட்டியை ஏற்றினார். ஒவ்வொரு கடையாகத் தார்ப்பாயை விலக்கியது. சங்கரேஸ்வரி முதல் மூட்டையின் முடிச்சில் கை வைத்தபோது மகாராஜா பக்கத்தில் போய் நின்றார்.

“இன்னுங் கொஞ்சம் பொறு.”

“எம்புட்டு நேரம்?”

சங்கரேஸ்வரி முடிச்சை அவிழ்த்தார். மகாராஜா ஆற்றங்கரைப் பக்கம் நடந்துபோய் மன்சூருக்குப் போன் போட்டார். அப்போது மணி இரண்டே முக்கால்.

“என்ன மன்சூரு, ரெண்டு மணின்னு போட்டிருந்தது, இங்கன வெயிலடிக்கி. புதுப்படம் வந்துச்சா? குறைச்சிட்டானா?”

“குறைக்கலியே அண்ணாச்சி, கூட்டித்தான் இருக்கான். அதுக்குள்ள என்ன அவசரம்? இன்னும் ரெண்டு மணி ஆகலியே.”

“என்னடே சொல்லுத? ரெண்டே முக்காலாச்சு.”

“இங்கன ஒண்ணேகால்தான் ஆகுது.”

சொன்ன பிறகுதான் மன்சூருக்கே உறைத்தது. “அண்ணாச்சி… அந்த சைட்டு, போன் எந்த ஊர்ல இருக்கோ அந்த ஊர் நேரத்தத்தான் காட்டும். நான் போட்டது எல்லாமே ஷார்ஜா நேரம்.”

ஷார்ஜாவில் இரண்டு என்றால் குற்றாலத்தில் மூன்றரை. மழை இன்னும் வரவே இல்லை. மகாராஜா கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார். மலையைப் பார்த்தார். உச்சி தெரிந்தது. நாற்பத்தைந்து நிமிடம் இருந்தது.

நேரம் தப்பிப்போன ஒருவன் திரும்ப வந்து வேறு நேரம் சொல்வது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. போகாமல் இருந்துவிடலாம். கூப்பிட்டால் காதில் விழாத தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். ஆனால் கடைசிக்கு முந்தின கடையில் துண்டுகள் மறுபடி தொங்க ஆரம்பித்திருந்தன. வரிசைக்கு நடுவில் போய் நின்றார்.

“தப்பு என் பேர்ல. மழை வருது. மூணரைக்கு.”

பரமசிவன் அரிகரண்டியை அப்படியே சட்டியில் விட்டுவிட்டுத் திரும்பினார்.

“மூணரைக்கு வரலன்னா அஞ்சரைம்ப. அஞ்சரைக்கும் வரலன்னா அடுத்த வெள்ளிக்கிழமைம்ப. போலே அங்கிட்டு, ஏவார நேரத்துல.”

“இல்ல அண்ணாச்சி, அந்தப் படம் மன்சூரு ஷார்ஜாவுலருந்து எடுத்தது. அதுல அந்த ஊர் மணி போட்டிருக்கு. நான் நம்ம மணின்னு நினைச்சிட்டேன்.”

“ஷார்ஜா மணிக்கும் குற்றால மழைக்கும் என்னலே சம்பந்தம்?”

சிரிப்பு எழுந்தது. நாலாவது கடையிலிருந்து ஹைருன் பீவி மட்டும் சிரிக்கவில்லை. வளையல் கடை வைத்திருப்பவர், ஐம்பது வயது இருக்கும், வடகரையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். அவர் மகன் எட்டு வருடமாக துபாயில் இருக்கிறான்.

“சிரிக்காதிய. தம்பி சொல்லுதது சரிதான்” என்றார். “எம்மவன் மத்தியானச் சோத்துக்கு உக்காந்துதான் எனக்குப் போன் போடுவான். அங்கன ரெண்டு மணி. நான் இங்கன அசர் தொழுகைக்கு ஒலுச் செய்ய, கை கால் கழுவப் போற நேரம், மூணரை. எட்டு வருசமாப் போடுதான், ஒரு நாள் மாறினதில்ல. ஒன்றரை மணி நேரம் வித்தியாசம் உள்ளதுதான்.”

சொல்லிவிட்டு வளையல் பெட்டியை மூட ஆரம்பித்தார்.

தாழ்வுப் பகுதி, கிழக்குக் காற்று, சின்னக் கட்டம் பெரிய கட்டம் என்று மகாராஜா ஏழு வருடமாகச் சொல்லிவந்தது எதுவும் ஆற்றோர வரிசையில் ஏறியதில்லை. இந்த ஒன்றரை மணி நேரம் ஏறியது. வரிசையில் அண்ணனோ தம்பியோ மருமகனோ வளைகுடாவில் இல்லாத கடை மூன்றுதான். மற்றவர்கள் எல்லாருக்கும் அந்தக் கணக்கு தினமும் போன் போடுகிற கணக்கு. அடுத்த கடைக்காரர் கையால் எண்ணிப் பார்த்துவிட்டு, “ஆமா, மச்சான் கூப்பிடுததும் அப்படித்தான்” என்றார். ஒவ்வொரு கடையாக மறுபடி கட்டத் தொடங்கியது.

சங்கரேஸ்வரியின் சொந்தத்தில் வளைகுடாவில் யாரும் இல்லை. அவர் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஹைருன் பீவி பெட்டி கட்டுவதைப் பார்த்தார். பிறகு கணவனைப் பார்த்தார், அன்றைக்கு முதல் தடவையாக.

“மூணரைதானா?”

“மேல பத்து நிமிசம் கீழ பத்து நிமிசம் இருக்கும். நேரத்துல தப்பிட்டேன். மழையில தப்பல.”

“நிக்காதிய பின்ன. அந்தப் பக்கத்தப் பிடிங்க.”

மூன்று பத்துக்குள் ஒன்பது கடைச் சரக்கும் மேலே சன்னதி ரோட்டுக்கு ஏறிவிட்டது. முதல் கடையும், அதை ஒட்டிய இரண்டும் ஏறவில்லை. “என் மவன் ரெண்டுபேரும் போலீசுல இருக்கான். தண்ணி வந்தா விசிலடிப்பானுவ, அப்பம் பாத்துக்கிடலாம்” என்றார் பரமசிவன். கர்நாடகச் சாமிமார் அவரிடம் சிப்ஸ் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் கடைகள் இல்லாததால் கூட்டம் கூடுதலாகவே இருந்தது.

மூன்றரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மலை காணாமல்போனது. பிறகு கோயில் கோபுரம். பிறகு எதிர்க்கடை. மழையின் சத்தத்தில் பேச முடியவில்லை. அருவியின் சத்தம் மாறியது இருபது நிமிடம் கழித்துத்தான். தண்ணீரோடு கல் உருண்டு வரும் சத்தம் அது. அருவிக்கு முன்னால் இருக்கும் ஆர்ச்சுக்கு மேலே செம்மண் தண்ணீர் தாண்டிக் குதித்தபோது போலீசார் விசிலடித்து எல்லாரையும் மேலே விரட்டினார்கள். ஆள் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. மகாராஜாவும் இன்னும் நாலு பேரும் கீழே ஓடி, பரமசிவனின் அடுப்பையும் மூன்று சிப்ஸ் டின்னையும் தூக்கி வந்தார்கள். அல்வாத் தாம்பாளமும் எண்ணெய் டின்களும் சிற்றாற்றில் போயின. பன்னிரண்டு கடைகளின் குழாயும் தார்ப்பாயும் அவற்றுக்குப் பின்னாலேயே போயின.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு மகாராஜா தன் வீட்டு மொட்டைமாடியில் வைத்திருக்கும் மழைமானியைப் பார்த்தார். முப்பத்தொரு சென்டிமீட்டர். குழுவில் சொன்னார். ஆலங்குளத்தில் ஒன்பது என்று ஜெபமலர் போட்டார். தத்தம் மாடல்தான் ஜெயித்தது என்று இருவரும் சொல்லிக்கொண்டார்கள். மன்சூர் அன்றைக்கு ஏழு தடவை மன்னிப்புக் கேட்டார். எட்டாவது தடவை ஜெபமலர், “போதும் தம்பி, இனிமே போன்ல இந்திய நேரத்தை வச்சுக்கிட்டுப் படம் எடு” என்றார். “அப்படி வச்சா வேலைக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாலயே போய் நிப்பேன் டீச்சர்” என்றார் மன்சூர்.

புதன்கிழமை தண்ணீர் வடிந்து, வரிசையில் மறுபடி குழாய் நட்டார்கள். பரமசிவன் அண்ணாச்சியும் நட்டார். மகாராஜாவைப் பார்த்தபோது, “அடுப்பத் தூக்கிட்டு வந்ததுக்குச் சொல்லணும்” என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். “ஆனா நீ சொன்னது ரெண்டு மணி. ரெண்டு மணிக்கு வரல. அது வேற மழை.”

சங்கரேஸ்வரி தன் இடத்தில் புதுத் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு, மூட்டைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதையும் அவிழ்க்கவில்லை. மகாராஜா வந்ததும் கேட்டார்.

“அடுத்தது எப்பம்?”

“பத்து நாளைக்கு ஒண்ணுங் காணல.”

“அதுக்கு அங்கிட்டு?”

“அதுக்கு அங்கிட்டு எனக்குத் தெரியாது. படம் போடுதவனுக்கும் தெரியாது.”

“பத்து நாளு போதும்” என்றார் சங்கரேஸ்வரி. வானத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. மூட்டையை மடியில் இழுத்து வைத்து முடிச்சை அவிழ்த்தார். காவித் துண்டுகளை ஒவ்வொன்றாக உதறிக் கயிற்றில் தொங்கவிட்டார். மேட்டில் ஒரு பஸ் வந்து நின்றது.

“சாமி, துண்டு பாருங்க சாமி” என்று குரல் கொடுத்தார்.